மூன்று ஊர்க் கரண்டும் என் பைக்குள்

எங்கள் கரண்ட் கந்தோரின் நலன்புரிச் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் வெளியிடுகிறது. அதில் வேலைப்பளுவைச் சமாளிப்பது பற்றி நான் எழுத வேண்டும் என்று, புதிதாக வந்திருக்கும் பொறியியலாளர் தர்சினி மிஸ் வீடு தேடி வந்து கேட்டார். இப்போது முறைப்பாடுகள் எல்லாம் லைன்மன் கையில் இருக்கும் திரையில் சிவப்புப் புள்ளிகளாக வந்து விழுகின்றனவாம். மாரி மழை தொடங்கினால் திருகோணமலைப் படம் முழுவதும் அம்மை போட்டதுபோல் ஆகிவிடுமாம். அதைப் பார்த்தே பெடியன்மாருக்கு நெஞ்சு அடிக்கிறதாம். ஒருவர் திரையைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு லீவில் போய்விட்டாராம். இந்த வசதி ஒன்றும் இல்லாத காலத்தில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று மிஸ் மரியாதையாகக் கேட்டபோது, குசினிக்குள் இருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

மனைவி சிரித்ததில் நியாயம் இருக்கிறது. நான் வேலைப்பளுவைச் சமாளித்த விதத்தினால் ஒரு பகல் முழுவதும் மூன்று ஊர்கள் கரண்ட் இல்லாமல் கிடந்தன. அதில் இரண்டரை ஊருக்குக் காலையில் கரண்ட் இருந்தது. ஆகவே இதை அறிவுரையாக எடுக்காமல், எச்சரிக்கைப் பலகையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது குழி வெட்ட. பிறகு ஏணி பிடித்தேன். ஏணியடியில் நின்று மேலே நிற்பவரின் செருப்பின் அடியைப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் படித்தேன். இடுப்பில் பெல்ட் கட்டி முதன்முதலாகக் கரண்ட் போஸ்ட்டில் ஏறிய நாளில் எல்லோரும் கைதட்டினார்கள். என்னை இறக்குவதற்கு வேறு இரண்டு பேர் ஏற வேண்டியிருந்தது என்பதை இந்த மலரில் போடத் தேவையில்லை.

தொழிலில் ஒரு சட்டம் மட்டும் எங்களுக்கு வேதம். லைனில் கை வைப்பதற்கு முன் ட்ரான்ஸ்போமருக்குப் போய் அந்த ஊரின் பியூஸ் கட்டைகள் மூன்றையும் கழற்ற வேண்டும். வெள்ளைப் பீங்கானில், உள்ளங்கைக்கு அடங்கும் கட்டைகள். கழற்றியவன் அவற்றைத் தன்னுடனேயே வைத்திருப்பான். தரையில் வைக்கக் கூடாது, வாகனத்தில் வைக்கக் கூடாது, இன்னொருவரிடம் கொடுக்கக் கூடாது. கழற்றினவன்தான் திரும்பப் போட வேண்டும். அவன் போஸ்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது வேறொரு புத்திசாலி வந்து கரண்ட்டைக் கொடுத்துவிடக் கூடாதே, அதற்காக. பிறகு சோதனை லைற் பிடித்துப் பார்ப்போம். சங்கிலி போட்டு லைனை நிலத்துடன் இணைப்போம். அதற்குப் பிறகுதான் ஏணி. வேலை முடிந்ததும் லைனை ஒரு முனையில் இருந்து மற்ற முனை வரை நடந்து பார்த்து, ஆட்களை எண்ணி, சங்கிலியைக் கழற்றி, கடைசியாகப் பியூஸ் போடுவோம். மூன்றாவது கட்டை உள்ளே போனதும் வீடுகளில் இருந்து "ஹோ" என்று ஒரு சத்தம் எழும்பும். எங்களுக்கு அதைவிட நல்ல மீற்றர் கிடையாது.

எங்கள் மின் அத்தியட்சகர் கிண்ணியாவைச் சேர்ந்த ரஹீம் சேர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை கூடும். நல்ல நாளில் நான் "அந்தோனி". சின்னப் பிழை விட்டால் "அந்தோனிப்பிள்ளை". "மிஸ்டர் அந்தோனிப்பிள்ளை" என்று கூப்பிட்டால், அன்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

முறைப்பாடுகள் எல்லாம் அவருடைய மேசைக்குத்தான் வரும். எங்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்வார். அதை முடித்து வந்து, இன்னும் எத்தனை மிச்சம் சேர் என்று கேட்டால், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி "ஒண்டு" என்பார். அதையும் முடித்து வந்து கேட்டாலும் "ஒண்டு"தான். பின்னேரம் கேட்டாலும் "ஒண்டு". நாங்கள் அவரைப் பொய்யர் என்று நினைத்தோம். ஒரு தடவை அவர் வெளியே போன நேரம் நான் மேசையை எட்டிப் பார்த்தேன். முறைப்பாட்டுக் கடதாசிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன; எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். அவர் ஏன் "ஒண்டு" என்று சொல்கிறார் என்பதை அந்த நேரத்திலேயே நான் விளங்கியிருக்கலாம். ஆனால் எனக்கு விளங்கியது வேறு. இவ்வளவு வேலை கிடக்க இந்த மனிதர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார், அந்தோனி நினைத்தால் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் முடிப்பான் என்று விளங்கியது.

அந்த நேரம்தான் கைத்தொலைபேசி எல்லார் கைக்கும் வந்தது. கந்தோருக்குச் சொல்லி மினக்கெடாதீர்கள், நேரே எனக்கு எடுங்கள் என்று ஊர் ஊராக என் நம்பரைக் கொடுத்தேன். உப்புவெளிச் சலூன்காரர் அதைக் கண்ணாடியிலேயே எழுதி வைத்திருந்தார். யார் எடுத்தாலும் என் வாயில் இருந்து வரும் பதில் ஒன்றுதான்: "இந்தா வாறன்." சீனன்குடாவில் போஸ்ட்டில் தொங்கியபடி நிலாவெளிக்கு "இந்தா வாறன்" என்று சொல்லியிருக்கிறேன். பல்லுப் பிடுங்கும் டொக்டரின் கதிரையில் இருந்தும் சொல்லியிருக்கிறேன்.

இப்படி நான் மக்கள் சேவை செய்துகொண்டிருந்த ஒரு மார்கழியில் புயல் அடித்தது. விடியும்போது காற்று நின்றுவிட்டது. என் போன் மட்டும் நிற்கவில்லை.

முதலில் சல்லி என்ற கடற்கரை ஊருக்குப் போனோம். வாகனம் ஓட்டியது தங்கராசா அண்ணை. இளைப்பாறுவதற்குக் கிட்டிய வயது, எதற்கும் பதறாத மனிதர். கடற்கரைப் பக்கத்து ஒடுங்கிய ஒழுங்கைத் தெரு ஒன்றில் தென்னை விழுந்து கம்பியைத் தரைக்கு இழுத்திருந்தது. அந்த ஒழுங்கைக்கு மட்டும் கரண்ட் இல்லை. நான் ட்ரான்ஸ்போமரில் பியூஸ் மூன்றையும் கழற்றி, சங்கிலியும் போட்டேன். சட்டப்படி முழுச் சல்லியும் நின்றது. தென்னையை வெட்டி அகற்ற ஊரவர்கள் கோடரியோடு வந்தார்கள். அவர்கள் வெட்டி முடியும்வரை நான் ஏன் சும்மா நிற்க வேண்டும்? போன் அடித்துக்கொண்டே இருந்தது. "நீங்கள் வெட்டுங்கோ, நான் இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு உப்புவெளிக்குப் போனேன். பியூஸ் கட்டைகளைச் சட்டப்படி என்னுடனேயே கொண்டுபோனேன்.

உப்புவெளியில் வேப்பங்கொப்பு ஒன்று லைனில் சாய்ந்து கிடந்தது. மூன்று பியூஸையும் கழற்றினேன். கொப்பை வெட்டுவதற்குள் சாம்பல்தீவில் இருந்து போன் கோல். அங்கே ஒரு போஸ்ட் சரிந்து நின்றது. அங்கும் கழற்றினேன். சட்டைப் பைகள் நிறைந்துவிட்டதால் எல்லாவற்றையும் மனைவி மரக்கறி வாங்கத் தந்துவிட்ட பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அப்போது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. மூன்று ஊரிலும் வேலை தொடங்கிவிட்டது. மூன்று ஊரும் என் வாகனத்தைக் கண்டுவிட்டன.

வாகனத்தின் வயர்லெஸ்சில் ரஹீம் சேரின் குரல் வந்தது. சல்லியில் முதலில் ஒரு ஒழுங்கைக்குத்தான் கரண்ட் இல்லை என்றார்கள், இப்போது முழு ஊருக்கும் இல்லையாம். உப்புவெளியும் அப்படித்தானாம். காற்றும் நின்றுவிட்டதே, இது என்ன புதினம் என்று கேட்டார். நான் மடியில் பையை வைத்தபடி, "தெரியேல்லை சேர், பாக்கிறன்" என்றேன்.

தங்கராசா அண்ணை என்னையும் பார்த்தார், பையையும் பார்த்தார். "தம்பி, அதை இறுக்கிப் பிடி. பள்ளத்தில விழுந்தா ஒரு ஊர் துள்ளி வெளிய போயிடும்."

நான் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விசயம் தலைக்குள் ஏறியது. மூன்று ஊரிலும் ஆட்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள். எந்த ஊருக்கு முதலில் போவது? எந்த ஊருக்குப் போனாலும் எந்தக் கட்டையைப் போடுவது? ஒவ்வொரு ட்ரான்ஸ்போமருக்கும் ஒவ்வொரு தடிப்பில் பியூஸ் கம்பி. மெல்லிய கம்பியைப் பெரிய ஊருக்குப் போட்டால் உடனே எரியும். தடித்ததைச் சின்ன ஊருக்குப் போட்டால், எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் வீட்டை எரிக்கும். பையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. உதவிக்கு வேறு ஆட்களைக் கூப்பிடவும் வழியில்லை. கழற்றினவன்தான் போட வேண்டும். எங்கள் வேதமே என்னைப் பிடித்துக்கொண்டது. நான் சாம்பல்தீவுச் சந்தியில் வாகனத்தை நிறுத்தச் சொல்லி, உள்ளேயே இருந்தேன். போன் அடித்தது. எடுத்து, "இந்தா வாறன்" என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

கொஞ்ச நேரத்தில் ரஹீம் சேர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கே நிற்கிறோம் என்று தங்கராசா அண்ணைதான் வயர்லெஸ்சில் சொல்லியிருக்கிறார். சேர் பையை வாங்கி, தேத்தண்ணிக் கடையின் நீள மர வாங்கில், மீன் வியாபாரி பரப்புவதுபோல், ஒவ்வொரு கட்டையாகப் பரப்பினார்.

"மிஸ்டர் அந்தோனிப்பிள்ளை அவர்கள்," என்றார். அவர்கள் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "இதுல சல்லி எது?"

நான் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன்.

"நிச்சயமா?"

அதை வைத்துவிட்டு வேறொன்றைத் தூக்கிக் காட்டினேன்.

"அப்ப முதல் காட்டினது?"

"அதுவும் சல்லியா இருக்கலாம் சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அந்த நேரம் ஒரு ஓட்டோ வந்து நின்றது. சல்லியில் மெசின் வைத்துக் கோழிக்குஞ்சு பொரிப்பிக்கும் புவனம் அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்து இறங்கினார். காலையில் இருந்து எனக்கு அதிகம் கோல் எடுத்தது அவர்தான். ஒவ்வொரு தடவையும் நான் வந்துகொண்டிருந்தேன். அவருடைய ஒழுங்கை தென்னை விழுந்த ஒழுங்கை அல்ல. புயல் அவர் வீட்டுக் கரண்ட்டைத் தொடவில்லை. அதை நிறுத்தியது நான்.

அவர் ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சேலைத் தலைப்புக்குள் இருந்து ஒரு முட்டையை எடுத்து என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. ஓட்டில் ஒரு சிறிய உடைவு.

"காதில வைச்சுப் பாருங்கோ தம்பி."

வைத்தேன். உள்ளே இருந்து சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லிதாகக் "கீச்" என்றது. அந்தக் காதில் எத்தனையோ முறைப்பாடுகளைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சின்ன ஆள் எடுத்த முறைப்பாட்டைக் கேட்டதில்லை.

"இண்டைக்குப் பொரிக்கிற நாள்," என்றார் புவனம் அக்கா. "சூடு போனா குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே நிண்டிடும். மெசின் ஆறிப்போச்சு. முட்டையளை ஒழுங்கைச் சனத்தின்ர மடியில குடுத்து வைச்சிருக்கிறன். சனம் எவ்வளவு நேரத்துக்கு அசையாம இருக்கும்?"

என் போன் அடித்தது. ரஹீம் சேர் அதை என் கையில் இருந்து எடுத்து, நிறுத்தி, தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு இப்ப ஒரு ஊர்தான்," என்றார். "சல்லி. மத்த ரெண்டும் என்னோட இந்த வாங்குல இரிக்கும். முடிச்சிட்டு வந்து அடுத்ததக் கேளுங்க."

சல்லி எது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கம்பித் தடிப்பைப் பார்த்து உப்புவெளியை ஒதுக்கினோம். சல்லிக்கும் சாம்பல்தீவுக்கும் தடிப்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு வித்தியாசம்தான். சேர் கட்டைகளின் செப்பு நாக்குகளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூன்றில் உப்புக்காற்றுப் பட்ட பச்சைக் களிம்பு இருந்தது. தங்கராசா அண்ணை அதில் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தார். "கருவாடு," என்றார். சல்லி ட்ரான்ஸ்போமரின் கீழேதான் கருவாடு காயப்போடுவார்கள். சேரும் வாங்கி மணந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எங்கள் பகுதியின் பரிசோதனைக் கருவிகளில் மூக்கு எழுதப்படாத ஒன்று.

சல்லியில் புவனம் அக்காவின் ஒழுங்கையில் நான் கண்டது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டு வாசல்களில் எல்லாம் பெண்கள் கால் நீட்டி இருந்தார்கள். மடியில் துவாய், துவாய்க்குள் முட்டை. கடல் கொந்தளிப்பு என்று தொழிலுக்குப் போகாத ஆண்களும் அடையில் இருந்தார்கள். ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டி அதற்குள் வைத்திருந்தார். சாரம் குறுகிப்போனதால் எழும்ப முடியாத நிலை. அவருடைய மனைவி அடுத்த வாசலில் இருந்து, "இண்டைக்குத்தான் இந்த மனுசன் ஒரு இடத்தில இருக்குது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

புவனம் அக்கா கொண்டுவந்த கூடையில் இன்னும் கொஞ்ச முட்டைகள் இருந்தன. ஒரு பெண்ணிடம் நீட்டினார். அந்தப் பெண் தன் மடியைப் பார்த்தார். "எனக்கு இது காணும் அக்கா. இன்னும் வைச்சா எல்லாத்தையும் சேத்து நசிப்பன். அங்கால குடுங்கோ."

அவ்வளவுதான். சொன்னவர் வெட்கப்படவில்லை. கேட்டவர் கோபிக்கவில்லை. கூடை அடுத்த வாசலுக்குப் போனது. நான் கையில் பியூஸ் கட்டைகளோடு நின்று அதைப் பார்த்தேன். காணும், போதும் என்ற அந்த வார்த்தை இத்தனை வருடத்தில் என் வாயில் ஒரு தடவையும் வந்ததில்லை.

தென்னை விழுந்த ஒழுங்கைக்குப் போனேன்; மரம் வெட்டி அகற்றப்பட்டிருந்தது. விழுந்த கம்பியை இழுத்துக் கட்டினேன். இறங்கியதும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். லைனின் கடைசிவரை நடந்து பார்ப்பது மட்டும் பாக்கி. காலையில் பார்த்த லைன்தானே, நேரே போய்ப் பியூஸைப் போட்டால் குஞ்சுகளுக்கு அவ்வளவு சீக்கிரம் சூடு கிடைக்கும் என்று கால் ட்ரான்ஸ்போமர் பக்கம் திரும்பியது. "அங்கால," என்றார் தங்கராசா அண்ணை, கடல் பக்கம் கையைக் காட்டி. நடந்தேன்.

கடைசிப் போஸ்ட்டுக்கு முன்னால் கம்பி தாழ்ந்து தொய்ந்து நின்றது. காலையில் நான் அந்தளவுக்கு வந்து பார்க்கவில்லை. அதில் ஒரு வயதான மீனவர் தன் நனைந்த வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் வலையை விரித்தார். நான் என்னவோ கத்தினேன் போல. அவர் அமைதியாகத் திரும்பி, "கரண்ட் இல்லைத்தானே தம்பி. நீங்கள்தானே கழட்டிக்கொண்டு போனீங்கள்," என்றார்.

என் மீது அவ்வளவு நம்பிக்கை. என் கையில் இருந்த மூன்று கட்டைகளும் அப்போதுதான் பாரமாகத் தெரிந்தன.

வலையை எடுத்தோம். கம்பியை உயர்த்திக் கட்டினோம். திரும்பவும் முனையில் இருந்து முனைக்கு நடந்தேன். ஆட்களை எண்ணினேன். அந்த மீனவரின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தேன். சங்கிலியைக் கழற்றினேன். ட்ரான்ஸ்போமரில் ஏறி ஒன்றைப் போட்டேன், இரண்டைப் போட்டேன், மூன்றையும் போட்டேன். காதைக் கொடுத்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. "ஹோ" இல்லை. சல்லி முழுவதும் மயான அமைதி. பியூஸ் மாறிவிட்டது, கருவாட்டை நம்பி மோசம் போனேன் என்று நினைத்தேன். கீழே இறங்க, புவனம் அக்கா வந்து, ஆஸ்பத்திரியில் கதைப்பதுபோல், "வந்திட்டு தம்பி" என்றார். ஒழுங்கையைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் வாயெல்லாம் பல்லாக இருந்தார்கள். மடியில் முட்டையை வைத்துக்கொண்டு யார் துள்ளுவது, யார் கூவுவது?

முட்டைகள் மெசினுக்குப் போயின. பெரும்பாலானவை பொரித்தன, சில பொரிக்கவில்லை. அந்தச் சிலவற்றுக்காகப் புவனம் அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய தண்டனை. இரண்டொரு குஞ்சுகள் மடியிலேயே ஓட்டை உடைத்து வந்துவிட்டன. சாரக்காரருடையதும் அதில் ஒன்று. அவர் வள்ளம் தள்ளப் போகும்போது அது கடற்கரைவரை பின்னால் போகும் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் சந்திக்குத் திரும்பி வந்து, அடுத்தது என்று கையை நீட்டினேன். ரஹீம் சேர் சாம்பல்தீவைத் தந்தார். அதை முடித்து வந்தேன். உப்புவெளியைத் தந்தார். அதற்கிடையில் அவர் குடித்த தேத்தண்ணியின் கணக்கு கடைக்காரருக்குத்தான் தெரியும். உப்புவெளியில் "ஹோ" என்ற சத்தம் ஒழுங்காகக் கேட்டது. திரும்பி வந்தபோது சேர், "அந்தோனி" என்று மட்டும் கூப்பிட்டு, போனைத் தந்தார்.

அதை ஓன் பண்ணின உடனேயே அடித்தது. நிலாவெளியில் இருந்து ஒருவர். குரல் தெரியவில்லை. காலையில் நான் வாக்குக் கொடுத்தவர்களில் ஒருவர். அவருடைய வீட்டுப் பக்கம் இன்னும் கரண்ட் இல்லையாம், றோட்டுக்கரையில் நின்று பார்க்கிறாராம், என் வாகனத்தைக் காணவில்லையாம்.

வாய் வழக்கப்படி திறந்தது. சேர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கராசா அண்ணை வாகனத்தின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, போவதா இல்லையா என்று என்னைப் பார்த்தார். இந்தக் களைப்போடு போஸ்ட்டில் ஏறினால் திரும்பவும் என்னை இறக்க ஆள் தேவைப்படும்.

"அண்ணை, எனக்கு இண்டைக்கு ஏலாது," என்று போனில் நிலாவெளிக்காரரிடம் சொன்னேன்.

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நாளைக்கு எப்ப எண்டும் எனக்குத் தெரியாது. கந்தோரில சொல்லுறன். அவையள்தான் உங்களுக்குச் சொல்லுவினம்."

ஏச்சு வரும் என்று போனைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"இதைக் காலமையே சொல்லியிருந்தா நான் வீட்ட போய்ச் சோறு திண்டிருப்பன் தம்பி," என்று சொல்லிவிட்டு வைத்தார்.